வீட்டிலேயே கிளே பார் வைத்து காரைச் சுத்தம் செய்யலாமா? பெயிண்ட் கெட்டுவிடாதா?

செய்யலாம். ஆனால் களிமண் மாதிரி பிசைந்து, பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கப் பயன்படும் இந்தக் கட்டி உங்கள் காருக்குத் தேவைதானா என்று முதலில் பாருங்கள். காரைக் கழுவித் துடைத்ததும், மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை விட்டு பானெட்டைத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தட்டுப்படாத சொரசொரப்பு அப்போது நன்றாகத் தெரியும். வழவழவென்று இருந்தால் காசு மிச்சம், விட்டுவிடுங்கள்.

சென்னையில் என் வீடு மின்சார ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. கார் வெள்ளை. வாங்கிய இரண்டாம் வருடமே மேலெல்லாம் கடுகைவிடச் சின்னதாக ஆரஞ்சுப் புள்ளிகள். தகடு துருப்பிடித்துவிட்டதோ என்று பயந்துபோனேன். தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரயிலின் சக்கரமும் பிரேக்கும் உரசும்போது பறக்கிற இரும்புத் தூள் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு, அந்தத் தூள்தான் துருவேறியிருந்தது. ஷாம்பூவுக்கெல்லாம் அது அசையாது. கிளே பார் பிய்த்து எடுப்பது இந்த மாதிரி ஒட்டியிருக்கும் சமாச்சாரங்களைத்தான். மாமரத்தடியில் நிறுத்தினால் பூச்சிகள் சொட்டவிடும் பிசுக்கு, பக்கத்து வீட்டு கேட்டுக்கு ஸ்ப்ரே அடித்தபோது பறந்து வந்த பெயிண்ட் துளி, இவையும் வரும். கீறல் போகாது. போர்வெல் தண்ணீர் காய்ந்து பெயிண்டை அரித்துவிட்ட தழும்பும் போகாது.

கார் நிழலில், சூடு ஆறி நிற்க வேண்டும். இரும்புத் தூள் அதிகம் என்றால், அதைக் கரைக்கும் ஸ்ப்ரே தனியாக விற்கிறார்கள். அடித்ததும் ஊதா நிறமாக வழியும். அதைக் கழுவிவிட்டு ஆரம்பித்தால் பாதி வேலை குறையும். கிளேயை முழுசாக எடுக்காதீர்கள். நூறு கிராம் கட்டியை நாலாக வெட்டி, ஒரு துண்டைப் பிசைந்து வடை மாதிரி தட்டிக்கொள்ளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடமாக, கிளே வழுக்கி ஓட அதற்கென விற்கும் லூப்ரிகன்ட்டையோ ஷாம்பூ கலந்த தண்ணீரையோ தாராளமாக அடித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். முதலில் கரகரவென்று கேட்கும், பிறகு சத்தம் அடங்கி வழுக்கும். அடுத்த இடத்துக்குப் போகலாம். கிளே அழுக்கானால் மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவாருங்கள். பெயிண்டைக் கெடுப்பது பெரும்பாலும் கிளே இல்லை, லூப்ரிகன்ட்டில் காட்டும் கஞ்சத்தனம்தான்.

நான் செய்த முட்டாள்தனம் வேறு. கிளே கை நழுவித் தரையில் விழுந்தது. குழாயில் அலசிவிட்டுத் தொடர்ந்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வெயிலில் பார்த்தால் கதவு முழுக்க மயிரிழைக் கீறல்கள். ஒரே ஒரு மணல் துகள் உள்ளே புதைந்திருந்தால் போதும். அதற்கு பாலிஷ் போட ஆன செலவில் நாலு கிளே பார் வாங்கியிருக்கலாம். கீழே விழுந்த துண்டு குப்பைக்குத்தான். நாலாக வெட்டச் சொன்னது அதற்காகத்தான்.

முடித்த கையோடு வாக்ஸ் போட்டுவிடுங்கள், ஏற்கெனவே இருந்த வாக்ஸையும் கிளே எடுத்துக்கொண்டு போயிருக்கும். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் கார் என்றால் கிளே பக்கமே போகாதீர்கள், அங்கங்கே பளபளத்துத் திட்டாகிவிடும். நான் வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்ததும் கிளே போடுகிறேன். தண்டவாளத்தை ஒட்டி வாழும் எனக்கே அது போதுமாக இருக்கிறது.