கணவாய் ஏறி, திராட்சைத் தோட்டத்தில் இறங்கி... வாசகர் கேள்வி–பதில்

ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ரோமாபுரிக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையான வியா ஃபிரான்சிஜெனா பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெரும்பாலான கடிதங்கள் சுவிட்சர்லாந்து–இத்தாலி எல்லையில் உள்ள மலைப்பகுதியைப் பற்றியே இருந்ததால், அந்தப் பகுதியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எனக்குக் கிடைப்பது இரண்டு வார விடுமுறைதான். இங்கிலாந்தில் தொடங்கும் பாதையை முழுதாக நடக்க வழியில்லை. எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம்?
– வாசகர், திருச்சி

சுவிட்சர்லாந்தின் மார்ட்டினியில் தொடங்கி, கிராண்ட் செயின்ட் பெர்னார்ட் கணவாயைக் கடந்து, ஆவோஸ்டா பள்ளத்தாக்கு வழியாக இத்தாலியின் இவ்ரேயாவில் முடியுங்கள். 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பத்து நாள் நடை. இங்கிலாந்தின் கான்டர்பரி பேராயர் சிகெரிக் 990ஆம் ஆண்டு ரோமிலிருந்து ஊர் திரும்பியபோது தங்கிய இடங்களைக் குறித்துவைத்தார். இன்றைய பாதைக்கு அந்தப் பட்டியல்தான் அடிப்படை. இவ்ரேயா, ஆவோஸ்டா, சேன்-ரேமி, ஓர்சியேர் எல்லாம் அதில் இருக்கின்றன.

முதல் நாள் மார்ட்டினியிலிருந்து ஓர்சியேர், 19 கி.மீ. அடுத்த நாள் பூர்-சேன்-பியேர், 14 கி.மீ. மூன்றாம் நாள் கணவாய், 13 கி.மீ. இரவு கணவாயிலேயே தங்கல். நான்காம் நாள் எட்ரூபிள் வரை, ஐந்தாம் நாள் ஆவோஸ்டா நகரம். அங்கிருந்து நூஸ், ஷட்டியோன், வெரெஸ், போன்-சேன்-மார்டேன், இவ்ரேயா என்று ஐந்து நாள். ஆவோஸ்டாவில் ஒருநாள் ஓய்வெடுத்தால் நல்லது. கி.மு. 25இல் எழுந்த அகஸ்டஸ் வளைவும், ரோமானியர் வகுத்த நேர்த்தெருக்களும் அரை நாளுக்குத் தாங்கும். மீதி அரை நாள் துணி துவைக்க.

சுவிஸ் பக்கம் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் 70 என்ற எண்ணைப் பாருங்கள். கணவாய் தாண்டியதும் அது 103 ஆகிவிடும். கைபேசியில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குறுகலான மலையிடுக்குகளில் சிக்னல் இருக்காது.

எந்த மாதம் போவது? ஜூனில் பள்ளி விடுமுறையோடு முடித்துவிடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

ஜூன் வேண்டாம். கணவாய்ச் சாலை பனியால் மூடிக் கிடந்து, பல ஆண்டுகளில் மே இறுதி அல்லது ஜூன் தொடக்கத்தில்தான் திறக்கும். சாலை திறந்துவிட்டால் நடைபாதையும் திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சாலையை இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்கிறார்கள். ஒற்றையடிப் பாதையில் நிழல் விழும் சரிவுகளில் பனி தானாக உருக வேண்டும். காலையில் கல்லாக இறுகியிருக்கும் அந்தப் பனிச்சரிவில் சாதாரண ஷூவோடு கால் வைத்தால் சறுக்கி நேராகக் கீழேதான் போவோம்.

ஜூலை, ஆகஸ்டில் கணவாய் அருமையாக இருக்கும், ஆனால் கீழே ஆவோஸ்டா பள்ளத்தாக்கு கொதிக்கும். சுற்றிலும் உயர்ந்த மலைகள் மழைமேகத்தைத் தடுத்துவிடுவதால் அது ஒரு வறண்ட பள்ளத்தாக்கு. பாதை போவதோ வெயில் விழும் வடகரைச் சரிவில். அதனால் எங்கள் ஓட்டு செப்டம்பரின் முதல் இரண்டு வாரத்துக்கு. மேலே பனி இல்லை, கீழே வெயில் தணிந்திருக்கும், கொடியில் திராட்சை கறுத்துத் தொங்கும். செப்டம்பரிலும் கணவாயில் ஒரே இரவில் பனி விழுவதுண்டு. ஒருநாள் கையிருப்பில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கடிதத்தில் கேட்டது பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் என்பதால், வேறு வழியில்லை என்றால் ஆவோஸ்டாவில் தொடங்கி கீழ்ப்பள்ளத்தாக்கை மட்டும் ஜூனில் நடக்கலாம்.

உயரத்தில் மூச்சு முட்டுமா? எனக்கு 58 வயது, தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன்.
– வாசகர், மதுரை

கணவாயின் உயரம் 2,469 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஊட்டியில் உங்களுக்குச் சிரமமில்லை என்றால் இங்கும் மூச்சுப் பிரச்சினை வராது. குளிர் மட்டும் வேறு ரகம். பூமத்திய ரேகையிலிருந்து அவ்வளவு வடக்கே இருப்பதால், ஆகஸ்டு இரவிலும் உறைநிலையைத் தொடக்கூடும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது இறக்கத்தைப் பற்றி. கணவாயிலிருந்து, 583 மீட்டர் உயரத்தில் உள்ள ஆவோஸ்டா நகரத்துக்குப் பாதை இறங்குகிறது. அதாவது 28 கிலோமீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் இறக்கம். ‘இறக்கம்தானே’ என்று இதை ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் ஆவோஸ்டாவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார்கள். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. சமதரையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பது அந்தத் தசையை இதற்குத் தயார்செய்யாது. போவதற்கு எட்டு வாரம் முன்பிருந்து வாரம் மூன்று நாள் மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். ஏறுவதற்கு லிஃப்ட்கூட பயன்படுத்தலாம், இறங்குவதைப் படியில் செய்யுங்கள். அழகர்மலையில் சாலை வழியாக மெல்ல இறங்குவதும் நல்ல பயிற்சி.

இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். சமதரையில் முழங்கை செங்கோணமாக மடங்கும் அளவு நீளம் வையுங்கள். இறக்கத்தில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கூட்டுங்கள். முதுகுப்பை தண்ணீரோடு எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது.

கால் நகம் கறுத்துப்போவது இன்னொரு தொல்லை. இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கி, விரல் ஷூவின் நுனியில் ஆயிரக்கணக்கான தடவை இடிப்பதால் வருவது அது. ஷூவை மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நடைக்குப் போடப்போகும் அதே காலுறையோடு வாங்குங்கள். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறங்கத் தொடங்குமுன் நாடாவை இப்படிக் கட்டுங்கள்: கடைசித் துளைக்கு வந்ததும் எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்துக் கடைசி இரு துளைகளுக்கு நடுவே சின்ன வளையம் விடுங்கள். இரு பக்கமும் வளையம் வந்த பிறகு, வலது நுனியை இடது வளையத்திலும் இடது நுனியை வலது வளையத்திலும் நுழைத்து இழுத்து முடியுங்கள். குதிகால் பின்னாலேயே பூட்டிக்கொள்ளும். நகத்தைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

எட்ரூபிளில் ஒரு இரவு தங்கினால் இறக்கம் இரண்டாகப் பிரிந்துவிடும். மறுநாள் ஏஷவெனோவிலிருந்து ஜின்யோ வரை ஒரு பழைய வாய்க்கால் கரையோடு பாதை போகிறது. பனியாற்று நீரை வயல்களுக்குக் கொண்டுபோக இடைக்காலத்தில் வெட்டத் தொடங்கிய இத்தகைய வாய்க்கால்களுக்கு அங்கே ‘ரு’ என்று பெயர். தண்ணீர் மெதுவாக ஓடவேண்டும் என்பதால் கரை கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். முந்தின நாள் உழைத்த முழங்காலுக்கு அது பெரிய ஆறுதல்.

மார்ட்டினியிலிருந்து கிளம்பும் முதல் பகுதி ஆபத்தானது என்கிறார்களே?
– வாசகர், சிங்கப்பூர்

உண்மைதான். மார்ட்டினிக்கும் செம்பிரான்ஷேவுக்கும் இடையே பள்ளத்தாக்கு மிகக் குறுகல். பாதை சில இடங்களில் செங்குத்துச் சரிவில் ஒரு ஆள் அகலத்துக்குத்தான் இருக்கும். மழைக்குப் பின் கல் உருளும். கணவாயைவிட இதுதான் கடினம் என்று சொல்பவர்கள் உண்டு. தரை ஈரமாக இருந்தால் யோசிக்காமல் ரயில் ஏறுங்கள். மார்ட்டினி–ஓர்சியேர் ரயில் செம்பிரான்ஷேயில் நிற்கும், அங்கிருந்து நடக்கலாம்.

திராட்சைத் தோட்டங்களை எங்கே, எப்படிப் பார்ப்பது? ஒயின் பழக்கமில்லாதவர்களுக்கும் சுவாரஸ்யமாக இருக்குமா?
– வாசகி, சென்னை

குடிக்காதவர்களுக்கும் இருக்கும். விவசாயத்தில் ஆர்வம் இருந்தால் போதும்.

ஆவோஸ்டாவைத் தாண்டியதும் தோட்டங்கள் தொடங்கிவிடும். நூஸைத் தாண்டி வரும் ஷாம்பாவ் ஊரின் சரிவுகளில் வாசனையான மஸ்கட் திராட்சை விளைகிறது. ஷாம்பாவில் பறித்த குலைகளை உலரவைத்து, சர்க்கரை இறுகிய பிறகு பிழிந்து இனிப்பு ஒயினும் செய்கிறார்கள். ஆனால் கால் வலித்தாலும் தவறவிடக் கூடாதது கடைசி இரண்டு நாள்.

டொன்னாஸில் ரோமானியச் சாலை ஒன்று பாறையைக் குடைந்து 221 மீட்டருக்குப் போகிறது. நடுவில் பாறையிலேயே விட்டுவைத்த ஒரு வளைவு. தரையில் வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளத்தில் உங்கள் ஷூவை வைத்துப் பாருங்கள், உள்ளே இறங்கும். பக்கத்தில் ஆவோஸ்டாவிலிருந்து 36 ரோமானிய மைல் என்று குறிக்கும் மைல்கல். அதற்கு மேலேயே நெபியோலோ திராட்சையின் படிக்கட்டுத் தோட்டங்கள். ஊர்க்காரர்கள் அதை பிக்கொடென்ட்ரோ என்கிறார்கள்.

போன்-சேன்-மார்டேனைத் தாண்டி அடுத்து வருவது கரேமா. தோட்டம் முழுக்க ஆளுயரத்தை மிஞ்சும் கல்தூண்கள், சுண்ணாம்பு பூசியவை. அவற்றின் மேல் மரக்கழிகளைக் குறுக்கே போட்டுப் பந்தல். நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் திராட்சை பந்தலில்தான், ஆனால் கரேமாவில் தூண் இவ்வளவு பருமனாக இருப்பதற்குக் காரணம் குளிர். நெபியோலோ மிகத் தாமதமாகப் பழுக்கும் ரகம், அக்டோபர்வரைகூட இழுக்கும். பகல் வெயிலைக் கல் குடித்து வைத்துக்கொண்டு இரவில் வெளிவிடுகிறது. அந்த வெப்பம் இல்லாவிட்டால் மலையடிவாரத்தில் காய் பழுத்து முடிவது சந்தேகம். செப்டம்பர் சாயங்காலம் தூணில் கை வைத்தால் இளஞ்சூடு தெரியும்.

இலைகளில் நீலம் கலந்த வெள்ளைக் கறை தெரிந்தால், அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைமருந்து. நம் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த அதே போர்டோ கலவை. ‘ஒரு குலைதானே’ என்று பறிக்காதீர்கள். மருந்து ஒருபுறம், அடுத்தவர் மகசூல் என்பது இன்னொரு புறம். ருசி பார்க்க ஷாம்பாவ், டொன்னாஸ், கரேமா மூன்றிலும் விவசாயிகள் கூட்டுறவுக் கிடங்குகள் உள்ளன. மதியம் மூடிவிடுவார்கள், ஆகவே அன்றைய நடை முடிந்து மாலையில் போங்கள். மதியச் சாப்பாட்டோடு ஒயின் குடித்துவிட்டு நிழலில்லாத சரிவில் நடந்தால் உடம்பில் நீர் வற்றித் தலைவலிதான் மிஞ்சும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஊர்க் குழாய்களில் பிடிக்கலாம். ‘நோன் பொட்டாபிலே’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

ஐரோப்பாவின் மிக உயரமான தோட்டங்களில் சேர்த்துச் சொல்லப்படும் மோர்ஜெ இந்தப் பாதையில் இல்லை. ஆவோஸ்டாவுக்கு மேற்கே இருக்கிறது. ஓய்வு நாளில் பேருந்தில் போய் வரலாம்.

கணவாயில் உள்ள மடத்தின் செயின்ட் பெர்னார்ட் மீட்பு நாய்களைப் பார்க்க டிசம்பரில் குழந்தைகளோடு போக நினைக்கிறோம்.
– வாசகர், பெர்ன்

டிசம்பரில் அங்கே நாய்கள் இருக்காது. 2005 முதல் அவற்றை மார்ட்டினியில் உள்ள பாரி அறக்கட்டளை வளர்க்கிறது. கோடையில் மட்டும் சில நாய்களை மேலே கொண்டுபோகிறார்கள். குளிர்காலத்தில் மடம் திறந்திருந்தாலும் பனிச்சறுக்குக் கட்டையிலோ பனிக்காலணியிலோதான் போகமுடியும். வழியில் பனிச்சரிவு அபாயம் உள்ள ‘செத்தவர் பள்ளத்தாக்கு’ என்ற இடம் வருகிறது. பெயர் சும்மா வைத்ததில்லை. பழக்கப்பட்ட வழிகாட்டி இல்லாமல் குழந்தைகளோடு போகாதீர்கள். நாற்பது பேரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் பாரி நாயின் பதப்படுத்திய உடல் உங்கள் ஊர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. கழுத்தில் பிராந்திப் பீப்பாய் என்பது மட்டும் கட்டுக்கதை.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் மடத்தில் தங்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

தாராளமாக. பதினோராம் நூற்றாண்டில் புனித பெர்னார்ட் தொடங்கியதிலிருந்து கணவாயைக் கடப்பவர் யாராயினும் ஏற்பதே அந்த மடத்தின் வழக்கம். கோடையில் கூட்டம் என்பதால் முன்பதிவு செய்யுங்கள். யாத்ரீகர் கடவுச்சீட்டு எனப்படும் சிறு மடிப்பேட்டை வாங்கி, தங்குமிடந்தோறும் முத்திரை பெறுங்கள். யாத்ரீகர் கட்டணச் சலுகைக்கும், ரோம் வரை கடைசி நூறு கிலோமீட்டர் நடப்பவர்களுக்கு வத்திக்கானில் கிடைக்கும் சான்றிதழுக்கும் அது வேண்டும்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க நேருமா?
– வாசகர், தஞ்சாவூர்

பட்டினி இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். மக்காச்சோள மாவைக் களிபோலக் கிண்டி வெண்ணெயும் ஃபொன்டினா சீஸும் சேர்க்கும் பொலென்டா எங்கும் கிடைக்கும். சூப்பில் காய் மட்டும் மிதந்தாலும் அடியில் மாட்டெலும்புச் சாறாக இருக்கலாம். ‘சென்ஸா கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று சொல்வதோடு ‘சென்ஸா ப்ரோடோ தி கார்னே, சென்ஸா புரோஷூட்டோ’ (இறைச்சிச் சாறு, பன்றித்தொடை இல்லாமல்) என்றும் சொல்லுங்கள். பன்றித்தொடைத் துண்டை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத சமையல்காரர்கள் உண்டு. ஃபொன்டினாவை உறையவைப்பது கன்றின் இரைப்பைச் சாறு. அதுவும் ஆகாது என்றால் சீஸை விட்டு, தக்காளி சாஸ் போட்ட பாஸ்தாவுக்குப் போய்விடுங்கள். கிராமக் கடைகள் மதியம் மூன்று மணிநேரம் போல அடைத்திருக்கும், ஞாயிறு முழுக்கவே மூடல். சனிக்கிழமையே ரொட்டி, பழம், கொட்டைகள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து பருப்புப்பொடி ஒரு பொட்டலம் எடுத்துப்போனால் பொலென்டாவுக்கு நன்றாகவே சேரும்.

விசா எந்த நாட்டில் கேட்பது? திரும்பும்போது கரேமா ஒயின் கொண்டுவரலாமா?
– வாசகர், புதுச்சேரி

இரு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசாதான். அதிக நாள் தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன திட்டத்தில் சுவிஸில் நான்கு இரவு, மீதி இத்தாலி; எனவே இத்தாலி. விமானத்தில் சுவிஸின் ஜெனீவாவில் இறங்கினாலும் பிரச்சினை இல்லை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவும் அதில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள். அவசர உதவிக்கு இரு நாட்டிலும் 112.

இவ்ரேயாவிலிருந்து டூரினுக்கு ரயில் உண்டு. ஆவோஸ்டா–இவ்ரேயா ரயில்பாதையை 2024இல் மின்மயமாக்கும் பணிக்காக மூடி மாற்றுப் பேருந்து விட்டார்கள். நடுவில் களைத்து வண்டி ஏற நினைப்பவர்கள் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

ஒயின், சுங்கவரி இல்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு தாராளமாக அடங்கும். கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் போடுங்கள். கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, துணிகளுக்கு நடுவே வைத்தால் உடையாது. காலுறையைத் துவைத்துவிட்டு.