குப்பு, மூக்காயி, பிச்சை: பெயரிலேயே ஒரு சாவுக் கணக்கு

19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தங்கள் கிராமத்து முன்னோரைத் தேடும் வாசகர்கள் கேட்டவை இவை.

கேள்வி: 1880-களின் இறப்புக் குறிப்பில் எங்கள் வீட்டில் பாதிப் பேருக்குக் ‘காய்ச்சல்’ என்றே இருக்கிறது. என்ன காய்ச்சல்?

பதில்: எழுதியவர் வைத்தியர் இல்லை, ஊர்க் கணக்குப்பிள்ளை. வைசூரியும் (பெரியம்மை) வாந்திபேதியும் (காலரா) பார்த்தாலே தெரியும். மற்றபடி உடம்பு சுட்டால் காய்ச்சல்தான். மலேரியா, டைபாய்டு, நிமோனியா எல்லாம் அதில் அடக்கம். அந்தச் சொல்லை விட்டுவிட்டுத் தேதியையும் வயதையும் பாருங்கள். இளம்பெண் காய்ச்சலில் போயிருந்தால், முந்தைய பத்துப் பதினைந்து நாளில் அந்த வீட்டில் பிள்ளை பிறந்ததா என்று தேடுங்கள். பிறந்திருந்தால் அநேகமாகப் பிரசவ ஜன்னி.

கேள்வி: ஒரே வாரத்தில் ஒரே வீட்டில் நால்வர் இறந்திருக்கிறார்கள். விஷம் வைத்திருப்பார்களோ?

பதில்: பங்காளிகள் மேல் பழி போடுமுன் பக்கத்து வீட்டுக் கணக்கையும் படியுங்கள். அங்கேயும் அதே வாரம் சாவு விழுந்திருந்தால் பெரும்பாலும் வாந்திபேதி. எல்லோரும் குடித்தது ஒரே ஊருணித் தண்ணீர்.

கேள்வி: வசதியான குடும்பம்தான். ஆனால் கொள்ளுத்தாத்தா பெயர் குப்பு, அக்காள் மூக்காயி, தம்பி பிச்சை. ஏன் இப்படி?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த தடயம் இது. பிறந்த பிள்ளைகள் தக்காமல் இறந்துபோன வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுப்பார்கள், மூக்குக் குத்துவார்கள், தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். வேண்டாத பிள்ளை என்று எமன் நினைத்துக்கொள்ளட்டுமாம்! ஆகவே குப்புவுக்கு முன்னால் பெயர் எழுதப்படாத குழந்தைகள் சில இருந்திருக்கலாம். (பாட்டன் பெயரையே வைத்திருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும், முதலில் அதைப் பாருங்கள்.)

அந்தக் குழந்தைகளை எது கொண்டுபோனது? தொப்புள்கொடியை அறுத்தது அரிவாளோ மூங்கில் சிம்போ. அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ. இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை திடீரென்று வாய் திறக்காது. தாடை இறுகும், உடம்பு வில்லாக வளையும். வீட்டில் ‘இசிவு’ என்றார்கள், ‘காத்து கருப்பு’ என்றார்கள். அது டெட்டனஸ். பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் சாவு என்றால் இதையும் நினையுங்கள்.

கேள்வி: ‘தாது வருஷத்தில் செத்தார்’ என்கிறது குடும்ப ஏடு. எந்த ஆண்டு?

பதில்: அநேகமாக 1876-77, பெரும் பஞ்சம் வந்த தாது. ஆனால் தாது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1816-இலும் வந்தது, 1936-இலும் வந்தது. பேரன் பேத்திகளின் வயதை வைத்துச் சரிபாருங்கள். பஞ்சமோ அடுத்த ஈஸ்வர வருஷத்திலும் தொடர்ந்தது. ஜனங்கள் மொத்தத்தையும் தாது வருஷப் பஞ்சம் என்றே சொன்னார்கள். அந்தச் சாவுகளில் ‘பட்டினி’ என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள். வாடிய உடம்பை முடித்தது பெரும்பாலும் பேதி, அம்மை, மழை திரும்பியபின் வந்த காய்ச்சல்.