ஜெர்மனில் முதல், இரண்டாவது, மூன்றாவது என்று எப்படிச் சொல்வது?

அடிப்படை விதி எளிது. 19 வரை எண்ணோடு ‘டெ’ சேருங்கள்: ஃபியர் (4), ஃபியர்டெ. 20 முதல் ‘ஸ்டெ’: ட்ஸ்வான்ட்ஸிக்ஸ்டெ. நூறைத் தாண்டினால் கடைசி இரண்டு இலக்கங்களைத்தான் பார்க்க வேண்டும். அதனால் 104-க்கு மறுபடியும் ‘டெ’.

ஏயர்ஸ்டெ (1), ட்ரிட்டெ (3), ஸீப்டெ (7), ஆஹ்டெ (8) ஆகிய நான்கும் விதிக்குள் சரியாக அடங்காது. இவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு வழியில்லை.

சரி, உண்மையான சிக்கல் எங்கே? இந்தச் சொற்கள் பெயரடைகள். வாக்கியத்தில் இடம் மாறினால் இறுதி ஒலியும் மாறும். இன்று அக்டோபர் 3 என்றால் ‘ஹொய்ட்டெ இஸ்ட் டெர் ட்ரிட்டெ ஒக்டோபர்’. ஆனால் அக்டோபர் 3 அன்று (ஜெர்மனியின் ஒருமைப்பாட்டு நாள் அதுதான்) என்று சொல்ல ‘அம் ட்ரிட்டன் ஒக்டோபர்’. ‘அம்’ வந்தாலே ‘டன்’ என்று வாய் பழகிவிட வேண்டும். என் கருத்தில், விதிவிலக்குகளைவிட இதற்குத்தான் அதிகப் பயிற்சி தேவை. நண்பர்களின் பிறந்தநாள்களை எல்லாம் ‘அம்’ போட்டுச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

எழுதும்போது எண்ணுக்குப் பின் ஒரு புள்ளி கட்டாயம்: 3. ஒக்டோபர். புள்ளி விட்டுப்போனால் அது வெறும் மூன்று.