மார்ஃபின் கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று பொருளா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. வாய்ப் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டதால், இனி கீமோதெரபியால் பயனில்லை என்று கூறிய மருத்துவர், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின் மாத்திரை கொடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அது போதை மருந்து, உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும் என்று சித்தப்பா தடுப்பதால், வலி பொறுக்க முடியாதபோது மட்டும் கொடுக்கிறோம். இரவெல்லாம் முனகுகிறார். சாப்பாடும் குறைந்துவிட்டது. மூக்கு வழியே குழாய் போட வேண்டுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் தந்தையின் இரவு வலிக்குப் பெரும்பாலும் காரணம், மாத்திரையை வலி வந்த பிறகு கொடுப்பதுதான். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய நான்கு மணி நேரமே நீடிக்கும். அது தீர்வதற்குள் அடுத்ததைக் கொடுத்தால் வலி தலைதூக்காது. தலைதூக்கிய வலியை அடக்குவதோ கடினம். ஆகவே, அவர் கேட்கட்டும் என்று காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். தூக்கம் கெடாமலிருக்க இரவு வேளைக்கு எவ்வளவு கொடுக்கலாம், இடையில் வலி வெட்டினால் கூடுதலாக எவ்வளவு என்பதை மருத்துவரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவின் அச்சம் நம் நாட்டில் வேரூன்றிய ஒன்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதித்த கடும் கட்டுப்பாடுகளால் பல மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருக்கவே தயங்கின. 2014இல் வந்த திருத்தம்தான் அதை ஓரளவு எளிதாக்கியது. அந்த இடைக்காலத்தில் எத்தனையோ பேர் வலியோடே போய்ச் சேர்ந்தார்கள் என்பது என்னை இன்றும் வருத்துகிறது. வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கும்போது அடிமைத்தனம் ஏற்படுவது அரிது. படிப்படியாக அளவைக் கூட்டும் முறையில் அது ஆயுளைக் குறைப்பதில்லை. முதல் சில நாட்களில் குமட்டலும் அசதியும் இருக்கலாம். பல நாள் தூங்காத உடல், வலி தணிந்ததும் அயர்ந்து தூங்குவதும் உண்டு. ஆனால் எழுப்பியும் விழிக்காவிட்டாலோ மூச்சு மிக மெதுவாக வந்தாலோ உடனே மருத்துவரை அழையுங்கள். மலச்சிக்கல் மட்டும் தானாகச் சரியாகாது; மார்ஃபின் தொடங்கிய நாளிலிருந்தே மலமிளக்கியும் வேண்டும். அதைத் தராததால் வயிறு உப்பி, 'இந்த மருந்தே வேண்டாம்' என்று நோயாளி மறுக்கும் நிலை பல வீடுகளில் நேர்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

குழாயைப் பொறுத்தவரை, அவருக்குப் பசித்தும் விழுங்க முடியவில்லையா, பசியே இல்லையா என்று கவனியுங்கள். முன்னது என்றால் குழாய் உதவலாம். மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். பின்னது என்றால், நோய் முற்றிய உடல் உணவை ஏற்கும் திறனை இழந்து வருகிறது என்று பொருள். வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும், மூச்சு திணறும். பட்டினி போடுகிறோமே என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம், அம்மா. அவர் விரும்பும்போது இரண்டு கரண்டி கஞ்சியோ இளநீரோ போதும். வாய் உலராமல் ஈரத் துணியால் அடிக்கடி துடைத்து, உதட்டில் சிறிது எண்ணெய் தடவுங்கள். வாய்ப் புண்ணில் துர்நாற்றம் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதைக் குறைக்க மருந்து உண்டு.

'வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பின்னர் தன்னார்வலர்களின் துணையோடு கேரளம் முழுவதும் வீட்டு வாசலுக்கே சென்று பரவியது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டிலேயே வழங்கும் நோய் ஆதரவு சிகிச்சை, அதாவது வலியையும் அவதியையும் தணிக்கும் கவனிப்பு, அடங்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்தையின் பெயரைப் பதிவு செய்யுங்கள். மாத்திரை கொடுத்த நேரம், வலி வந்த நேரம், மலம் கழித்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். வரும் செவிலியருக்கு மருந்தின் அளவு போதுமா என்று கணிக்க அதுவே பெரிதும் உதவும்.