கிராஞ்சியில் பெயர் தேடிப் போகுமுன்

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் டிரைவராக இருந்து, 1942 சிங்கப்பூர் சண்டையில் இறந்துபோனதாகச் சொல்வார்கள். அவர் சமாதியைப் பார்க்க வேண்டும். எங்கே ஆரம்பிப்பது? (திருச்சி வாசகி)

பதில்: டிக்கெட்டை அப்புறம் போடலாம். அவருக்குச் சமாதி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இந்து வீரர் என்றால் பெரும்பாலும் இருக்காது. தகனம் செய்யப்பட்டவர்களுக்கும் உடல் கிடைக்காதவர்களுக்கும் கல்லில் பெயர் மட்டும்தான். சிங்கப்பூரில் உள்ள கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகள் 4,400-க்குச் சற்று மேல்; அங்கேயே உள்ள சிங்கப்பூர் நினைவகத்தில் பொறித்த பெயர்களோ 24,000-க்கு மேல். தகனமானவர்களுக்கு என்று தனி நினைவுச்சின்னமும் உண்டு. இது தெரியாமல் போகிறவர்கள் வெயிலில் கல்லறை கல்லறையாகத் தேடிக் களைத்துப்போகிறார்கள்.

இந்தக் கல்லறைகளையும் பெயர்ப் பதிவுகளையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். நம் ஆட்கள் தடுமாறுவது பெயரில்தான். குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்தில் அவருடைய சொந்தப் பெயரையே போடுங்கள்; இனிஷியல் வேண்டாம். முத்துசாமி என்றால் கடைசி எழுத்து ‘ஐ’யா ‘ஒய்’யா, நடுவில் ‘டபிள்யூ’ உண்டா இல்லையா என்று எல்லா வகையிலும் முயலுங்கள். அக்காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது அது. இந்திய ராணுவம், இரண்டாம் உலகப்போர் என்று சுருக்கினால் பட்டியல் குறையும். டிரைவர் என்றால் படைக்குச் சரக்கும் வண்டியும் பார்த்துக்கொண்ட ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸாக இருக்கலாம். அதையும் போட்டுப் பாருங்கள்.

ஒரே பெயரில் பலர் வருவார்கள். அவசரப்பட்டு ஒருவரை நம்மவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதிவின் கூடுதல் விவரத்தில் தகப்பனார் பெயர், மனைவி பெயர், ஊர் இருக்கலாம். மாவட்டம் பழைய பெயரில் வரும்: டிரிச்சினாபோலி, டின்னவெலி, டாஞ்சூர், ராம்நாட். வீட்டில் பழைய பென்ஷன் தாளோ பதக்கமோ இருந்தால், அதிலுள்ள படை எண்ணை ஒப்பிடுவதே கெட்டியான வழி.

இறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். காணாமல்போன பலருக்கு, சிங்கப்பூர் சரணடைந்த 1942 பிப்ரவரி 15-ஐயே போட்டிருக்கிறார்கள். அதை வைத்துத் திதி கணிப்பதில் அர்த்தமில்லை. இந்த நினைவகத்தில் பெயர் இருப்பதாலேயே அவர் சிங்கப்பூரில்தான் இறந்தார் என்றும் சொல்ல முடியாது. மலாயா, இந்தோனேசியா, கடல் என்று வேறு இடங்களில் இறந்து, கல்லறை தெரியாமல் போனவர்களின் பெயர்களும் இங்கேதான்.

கேள்வி: பெயர் கிடைத்துவிட்டது, ‘காலம்’ (Column) என்று ஒரு எண்ணும் இருக்கிறது. அங்கே போய் எப்படிக் கண்டுபிடிப்பது? (மதுரை வாசகர்)

பதில்: ஆங்கிலத்தில் ‘காலம்’ என்றால் தூண், பத்தி இரண்டும்தான்; ஆனால் அந்த எண் தூணின் எண் அல்ல. பெரிய தூண்கள் 12தான். உங்கள் தாளில் 300-க்கு மேல்கூட எண் வரலாம். தூண்களில் பதித்த கற்களில் பெயர்கள் பத்தி பத்தியாக இருக்கும். எண் அந்தப் பத்திக்கு உரியது. பத்தியைப் பிடித்ததும் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குள் ஆங்கில அகரவரிசை. ஆகவே படையும் பதவியும் உள்ள பதிவுப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டு போங்கள். பெயர் உயரத்தில் இருந்தால் கீழிருந்து படிப்பது கஷ்டம். ஜூம் உள்ள கேமரா உதவும். உச்சிவெயிலில் எடுத்தால் பொறித்த எழுத்து கல்லோடு கலந்துவிடும். வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் எழுத்துக்குள் நிழல் இறங்கி, பெயர் தெளிவாக வரும்.

போக்குவரத்து சுலபம். வடக்கு–தெற்கு எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) பாதையில் கிராஞ்சி நிலையத்தில் இறங்கினால் பத்துப் பதினைந்து நிமிட நடை. நினைவகம் குன்றின் மேல், படியேற வேண்டும். முட்டிவலிக்காரரை டாக்ஸியில் அழைத்துப் போங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழையத் தேவையான எஸ்ஜி வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் என்றால் விலகுங்கள்.

கேள்வி: அங்கே கற்பூரம் ஏற்றலாமா? ஒரு பிடி மண் எடுத்து வரலாமா? (தேனி வாசகி)

பதில்: பூ வையுங்கள், மாலை போடுங்கள், போதும். கற்பூரப் புகை, எண்ணெய், மஞ்சள், குங்குமம் எல்லாம் கல்லில் ஊறிக் கறையாகும். நீங்கள் வைக்கிற பொட்டு அடுத்த வீட்டுக்காரர் பெயர்மேல் வழியும். தர்ப்பணம் செய்ய நினைப்பவர்கள் ஊரில் ஆற்றங்கரையிலேயே செய்துகொள்ளலாம். மண் வேண்டாம். தாவர நோய்த் தடுப்பு விதிப்படி அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் மண் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் பறித்துக்கொண்டால் மனசுதான் கஷ்டப்படும்.

கேள்வி: எங்கள் பெரியப்பா பெயர் ரங்கூன் நினைவகத்தில். இப்போது போகலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: அது யாங்கூனுக்கு (பழைய ரங்கூன்) வடக்கே, தாக்யான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது, சுமார் 27,000 பெயர்கள். மியான்மரில் 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு உள்நாட்டுச் சண்டை ஓயவில்லை. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் பயண எச்சரிக்கையைப் பார்க்காமல் ஏஜென்ட் பேச்சை நம்பிக் கிளம்பாதீர்கள். பதிவுப் பக்கத்தை இப்போதே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அக்காலத்து ஆவண நகலோடு ஆணையத்துக்கு எழுதலாம். அந்த வேலைக்கு விசா தேவையில்லை.