2001-க்குப் பிறகு என்னை விடாத பன்னிரண்டு ஆல்பங்கள்: கேள்வி பதில்

இந்த நூற்றாண்டில் இதுவரை வந்தவற்றில் உங்களுக்குப் பிடித்த ஆல்பங்கள் எவை என்று கேட்டார்கள். பன்னிரண்டைச் சொன்னேன். அன்றிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. முதலில் பட்டியல், வெளியான வரிசையில்:

சிகுர் ரோஸின் பெயரில்லாத ஆல்பம் (2002, அட்டையில் இரண்டு அடைப்புக்குறிகள் மட்டும்), வில்லியம் பாசின்ஸ்கியின் 'தி டிஸ்இன்டகிரேஷன் லூப்ஸ்' (2002), அலி ஃபார்கா தூரேயும் துமானி ஜாபாத்தேயும் சேர்ந்து வாசித்த 'இன் தி ஹார்ட் ஆஃப் தி மூன்' (2005), இளையராஜாவின் 'திருவாசகம்' (2005), ஜே டில்லாவின் 'டோனட்ஸ்' (2006), ஜோவானா நியூசமின் 'ஈஸ்' (2006), ரேடியோஹெட்டின் 'இன் ரெயின்போஸ்' (2007), கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை' (2015), சுஃப்ஜான் ஸ்டீவன்ஸின் 'கேரி அண்ட் லோவெல்' (2015), டேவிட் போவியின் 'பிளாக்ஸ்டார்' (2016), ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸும் ஃபாரோ சாண்டர்ஸும் செய்த 'பிராமிசஸ்' (2021), அரூஜ் அஃப்தாபின் 'வல்ச்சர் பிரின்ஸ்' (2021).

இனி கேள்விகள்.

ரேடியோஹெட் ரசிகர் என்று சொல்லிக்கொண்டு 'கிட் ஏ'வை விட்டுவிட்டீர்களே சார்?

நூற்றாண்டு தொடங்கியது 2001 ஜனவரி 1-இல். 'கிட் ஏ' வந்தது 2000 அக்டோபரில். மூன்று மாதத்தில் தவறிவிட்டது. டி'ஆஞ்சலோவின் 'வூடூ', அவலாஞ்சஸின் 'சின்ஸ் ஐ லெஃப்ட் யூ', ரஹ்மானின் 'அலைபாயுதே' எல்லாவற்றுக்கும் இதே கதிதான். 2000-ஐ உள்ளே விட்டால் பாதி இடத்தை அந்த ஒரு வருடமே பிடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தில் கணக்கு வாத்தியார் ஆகிவிட்டேன்.

எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள் அண்ணா? இவைதான் சிறந்தவை என்கிறீர்களா?

சிறந்தவை எவை என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆசையும் இல்லை. நான் பார்த்தது ஒன்றைத்தான்: முதல் பாட்டில் ஆரம்பித்தால் கடைசி வரை எழுந்திருக்க மனம் வராத ஆல்பங்கள். நடுவில் ஒரு பாட்டைத் தாண்டிப் போகக் கை நீண்டால் அது பட்டியலில் இல்லை. இந்தக் கணக்கில் நான் உயிராக நினைக்கும் பல பாட்டுகள் அடிபட்டுப் போயின. பாட்டு வேறு, ஆல்பம் வேறு. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் மௌனத்தைக்கூட யாரோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். சிகுர் ரோஸின் ஆல்பத்தில் நான்காம் பாட்டுக்கும் ஐந்தாம் பாட்டுக்கும் நடுவில் 36 விநாடி வெறும் அமைதி. முதல் பாதி வெளிச்சமானது, இரண்டாம் பாதி இருண்டது. நடுவில் அந்த 36 விநாடி ஒரு வாசற்படி மாதிரி இருக்கும். தனித்தனிப் பாட்டாகக் கேட்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அந்த சிகுர் ரோஸ் என்ன மொழி? ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

யாருக்கும் புரியாது. ஐஸ்லாந்துக்காரர்கள்தான், ஆனால் இந்த ஆல்பத்தில் பாடியிருப்பது ஐஸ்லாந்து மொழி கிடையாது. பாடகர் வாய்க்கு வந்த ஒலிகளை வைத்து அவர்களே உண்டாக்கிக்கொண்ட ஒன்று. எட்டுப் பாட்டுக்கும் தலைப்பு இல்லை. சிடியோடு வந்த சின்னப் புத்தகத்தின் பக்கங்களும் வெற்றாகவே இருந்தன, அர்த்தத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று. நம் ஆட்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆலாபனையில் சொல்லைத் தேடுகிறோமா என்ன?

'டிஸ்இன்டகிரேஷன் லூப்ஸ்' கேட்டேன். ஒரு மணி நேரம் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். இதில் என்ன இருக்கிறது?

தூங்கினால் தப்பில்லை, நானும் தூங்கியிருக்கிறேன். ஆனால் அது உருவான கதையைத் தெரிந்துகொண்டு இன்னொரு தடவை கேளுங்கள். பாசின்ஸ்கி 1980-களில் காந்த நாடாவில் பதிந்து வைத்த சின்னச் சின்ன லூப்களை (முனைகளை ஒட்டி வட்டமாகச் சுற்றவிடும் நாடாத் துண்டுகளை) 2001-இல் டிஜிட்டலுக்கு மாற்ற எடுத்தார். நாடா பழசாகிவிட்டதால், ஒலியைப் படிக்கும் டேப் ஹெட்டைத் தாண்டும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேல் பூசியிருந்த இரும்பு ஆக்சைடு துளித்துளியாக உதிர்ந்தது. அவர் நிறுத்தவில்லை, ஓடவிட்டுப் பதிவு செய்தார். இரண்டாம் நிமிடத்தையும் ஐம்பதாம் நிமிடத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலில் முழுசாக இருக்கும் பித்தளை வாத்தியம் போன்ற அந்த மெட்டு, பின்னால் பல் விழுந்த சீப்பு போல ஆகியிருக்கும். நடந்துகொண்டிருக்கும்போது எதுவுமே மாறுவதாகத் தெரியாது. அதுதான் அதன் பயங்கரம். நியூயார்க்கில் வேலையை முடித்த சமயத்தில் செப்டம்பர் 11 வந்தது. மொட்டை மாடியிலிருந்து புகையைப் படம் எடுத்தார், அந்தக் காட்சிதான் ஆல்பத்தின் அட்டை.

31 பாட்டு, 43 நிமிடம்! 'டோனட்ஸ்'ஸில் ஒரு பாட்டு பிடிப்பதற்குள் முடிந்துவிடுகிறதே?

பிடித்ததும் பறித்துக்கொள்வதுதான் டில்லாவின் குறும்பு. பெரும்பாலும் பழைய சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை) இசைத்தட்டுகளிலிருந்து சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒட்டியது. முதல் துண்டின் பெயரிலேயே முடிவுரை என்று பொருள்படும் 'அவுட்ரோ' இருக்கிறது. கடைசித் துண்டின் வால் முதல் துண்டின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். ரிப்பீட் போட்டுவிட்டால் எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது, பெயருக்கேற்ற வட்டம். 2006 பிப்ரவரி 7, அவருடைய 32-வது பிறந்தநாள் அன்று வெளியானது. மூன்று நாளில் இறந்துவிட்டார்.

'பிளாக்ஸ்டார்' விஷயத்தில் நேர்மையாகச் சொல்லுங்கள். போவி இறக்காமல் இருந்திருந்தால் இது பட்டியலில் வந்திருக்குமா?

இதைத்தான் நானும் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். 2016 ஜனவரி 8, வெள்ளிக்கிழமை, அவருடைய 69-வது பிறந்தநாளில் ஆல்பம் வந்தது. ஞாயிறன்று இறந்தார், செய்தி வெளியானது திங்களன்று. நான் சனிக்கிழமை இரவே கேட்டுவிட்டேன், அதனால் ஒரு சாட்சி என் கையில் இருக்கிறது. அன்றைக்கு என்னைப் பிடித்து உலுக்கியது டானி மெக்காஸ்லினின் சாக்ஸபோன். ராக் பாடகர் ஒருவர் தன் பழைய கூட்டத்தை விட்டுவிட்டு ஜாஸ் ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறார், இந்த வயதில் என்ன தைரியம் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை அதே 'லாசரஸ்' பாட்டைத் திரும்பப் போட்டபோது, அதே சொற்கள் வேறு ஆளைப் பற்றிப் பேசின. ஆகவே பதில்: வந்திருக்கும். ஆனால் இப்போது என்னால் அந்தச் சனிக்கிழமைக் காதோடு அதைக் கேட்க முடியாது.

'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை' 79 நிமிடம். நீளம் அதிகம் இல்லையா?

அதிகம்தான். ஆனால் ஒரு கவிதை அதைக் கோத்துப் பிடித்திருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு பாட்டு முடிந்ததும் கென்ட்ரிக் ஓரிரு வரி சொல்லி நிறுத்துகிறார். அப்புறம் இன்னொரு பாட்டின் முடிவில் அதே வரிகளை முதலிலிருந்து சொல்லி, கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கிறார். இப்படியே வளர்ந்து, கடைசிப் பாட்டில்தான் முழுக் கவிதையும் கிடைக்கிறது. யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் அப்போதுதான் தெரிகிறது: 1996-இல் கொல்லப்பட்ட ராப் பாடகர் டுபாக்குக்கு. டுபாக் 1994-இல் கொடுத்த ஒரு பேட்டியின் ஒலியை வெட்டி, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது போல் செய்திருக்கிறார்கள். கடைசியில் கென்ட்ரிக் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பதில் வராது. ஆல்பம் அந்த இடத்தில் முடிகிறது. 78 நிமிடம் உட்காராதவருக்கு அந்த மௌனம் வெறும் மௌனம்தான்.

'இன் ரெயின்போஸ்' விருப்பப்பட்ட விலைக்குக் கிடைத்ததாமே. நீங்கள் எவ்வளவு போட்டீர்கள்?

பூஜ்யம். 2007 அக்டோபர் 10 அன்று தங்கள் இணையதளத்திலேயே வைத்தார்கள், விலைக் கட்டத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். எழுதினேன். குற்ற உணர்ச்சியில் பிறகு சிடி வாங்கினேன். அது கீறல் விழுந்து இன்னொன்றும் வாங்கினேன்.

பட்டியலில் 2007-க்கு அடுத்தது 2015. நடுவில் யாருமே நல்ல ஆல்பம் போடவில்லையா?

கண்டுபிடித்துவிட்டீர்கள். குறை என்னுடையது. அந்த வருடங்களில் என்னிடம் ஆயிரக்கணக்கில் எம்பி3 சேர்ந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு ஷஃபிளில் ஓடவிடுவேன். பாட்டு கேட்டேன், ஆல்பம் கேட்கவே இல்லை. ஒருநாள் ஹார்ட் டிஸ்க் செத்தது, குவியல் மொத்தமும் போனது. அலமாரியில் இருந்த சிடிகள் மட்டும் மிச்சம். வேறு வழியில்லாமல் முழுசாகக் கேட்க ஆரம்பித்தேன். டி'ஆஞ்சலோ 'வூடூ'வுக்கு 14 வருடம் கழித்துக் கொண்டுவந்த 'பிளாக் மெசையா'வை (2014) வந்த நேரத்தில் தவறவிட்டு, வெகு காலம் கழித்துத்தான் கேட்டேன்.

ஐயா, தமிழ்ப் பட ஆல்பம் ஒன்றுகூட இல்லையே. 'கன்னத்தில் முத்தமிட்டால்' கூடவா இல்லை?

திட்டுவீர்கள் என்று தெரியும். 2002-இல் வந்த அந்தப் பாட்டுகளை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேனோ! ஆனால் படப்பாட்டு காட்சிக்காகப் பிறக்கிறது, அதன் வரிசை திரைக்கதையில் இருக்கிறது. கேசட்டில் எது முதலில், எது கடைசியில் என்பது பெரும்பாலும் வேறு கணக்கு. அதனால்தான் 'திருவாசகம்'. படமே இல்லை. மாணிக்கவாசகரின் பாடல்களில் ஆறு பகுதி, புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. 'பொல்லா வினையேன்' மட்டும் இருபது நிமிடத்தை ஒட்டி ஓடும். நடுவில் ஆங்கில வரிகள் வருவது சிலருக்கு உறுத்தும். எனக்கும் முதலில் உறுத்தியது, இப்போது அந்த இடத்துக்காகவே காத்திருக்கிறேன்.

'பிராமிசஸ்' ஜாஸா, கிளாசிக்கலா?

இரண்டும் இல்லை என்று இரண்டு தரப்பும் சொல்லும். ஏழு சுரங்கள் கொண்ட ஒரு சின்னக் கோவை, 46 நிமிடத்தில் ஏறக்குறைய முழுக்க அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் மேல் எண்பதை நெருங்கிய ஃபாரோ சாண்டர்ஸ் சாக்ஸபோன் வாசிக்கிறார். 1960-களில் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனோடு அலறிய அதே கருவி, இங்கே மூச்சுவிடுவது போல் இருக்கிறது. நாலாவது பகுதியில் கருவியைக் கீழே வைத்துவிட்டு வாயாலேயே ஏதோ முனகுவார். குழந்தையைத் தூங்கவைக்கும் தாத்தா மாதிரி. பின்னால் லண்டன் சிம்பொனியின் வயலின்கள் பொங்கி எழும்போது எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். நான் அந்த முனகலுக்காகப் போகிறேன். 2022-இல் அவர் மறைந்தார்.

இதையெல்லாம் ரசிக்க விலை உயர்ந்த ஹெட்ஃபோன் வேண்டுமா?

வேண்டாம். 'கேரி அண்ட் லோவெல்'லின் சில பகுதிகளை ஓட்டல் அறையில் ஐபோனில் பதிந்திருக்கிறார்கள், ஏசியின் ரீங்காரம்கூடக் கேட்கும். இறந்துபோன அம்மாவைப் பற்றிய பாட்டுகளுக்கு அது பொருந்தியும் போகிறது. 'இன் தி ஹார்ட் ஆஃப் தி மூன்' மாலி நாட்டுத் தலைநகர் பமாகோவில், நைஜர் நதிக்கரை ஓட்டல் ஒன்றில், ஒத்திகை இல்லாமல் ஒரு கிதாரும் 21 தந்திகள் கொண்ட கோரா என்னும் மேற்கு ஆப்பிரிக்க யாழும் வாசித்தது. ஹெட்ஃபோனை விடச் செயலியின் அமைப்பைப் பாருங்கள். கிராஸ்ஃபேட் இருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பாட்டின் வாலை அடுத்ததன் தலை விழுங்கிவிடும். ஷஃபிளும் வேண்டாம். 2021-இல் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதால்தான் ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தில் ஷஃபிள் முன்னால் நிற்பதை மாற்றியது.

பன்னிரண்டில் பெண்கள் இரண்டே பேரா?

ஆமாம், வெட்கமாகத்தான் இருக்கிறது. பியோர்க்கின் 'வெஸ்பர்டைன்' (2001), வீட்டிலேயே பதிந்து நாய்கள் குரைப்பதையும் உள்ளே விட்ட ஃபியோனா ஆப்பிளின் 'ஃபெட்ச் த போல்ட் கட்டர்ஸ்' (2020) இரண்டும் வாசலில் நிற்கின்றன.

இருப்பதில் ஒன்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்றால்?

'ஈஸ்'தான் ஆபத்தில் இருக்கிறது. ஐந்தே பாட்டு, 55 நிமிடம், ஹார்ப்பும் ஆர்க்கெஸ்ட்ராவும். அந்தக் குரல் எல்லோருக்கும் ஒத்துவராது. முதல் தடவை போட்டபோது, "பூனை எங்கேயாவது மாட்டிக்கொண்டதா?" என்று வீட்டுக்காரி அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். போன வாரம் இதை நீக்கிவிட்டு 'வெஸ்பர்டைன்' சேர்க்கலாமா என்று அவளிடமே கேட்டேன். "பூனையை எடுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்" என்கிறாள்.