மாதுளை சிவப்பு, ரத்தமும் சிவப்பு, ஆனால்...

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றாள். பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8.9. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு கட்டிக்கொள்கிறது என்று பத்தே நாளில் நிறுத்திவிட்டாள். "மாத்திரை சூடு, வயசுப் பெண்ணுக்கு ஆகாது" என்று என் மாமியாரும் சொல்கிறார். இரண்டு மாதமாகக் காலையில் பீட்ரூட் ஜூஸ், சாயங்காலம் மாதுளை, ராத்திரி தேனில் ஊறிய பேரீச்சை கொடுக்கிறோம். போன வாரம் மறுபடி பார்த்தால் 9.1தான். உறவுக்காரர் ஒருவர் 2,400 ரூபாய்க்கு ஒரு சத்துப் பவுடர் டின் தருகிறார். பாலில் கலந்து குடித்தால் ஒரே மாதத்தில் ஏறிவிடுமாம். வாங்கலாமா? சாப்பாட்டிலேயே சரிசெய்ய முடியாதா?
– பெயர் வேண்டாம், லால்குடி

பதில்: பவுடர் வாங்க வேண்டாம். மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் ஏறக்குறைய 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 45 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் மூன்று லிட்டர் போல ரத்தம் ஓடும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இந்த எண்கள் 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்ற கணக்கு. 8.9லிருந்து அந்த 12ஐத் தொடவே உங்கள் மகளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வேண்டும். காலியாகிக் கிடக்கும் சேமிப்பை நிரப்புவது தனிக் கணக்கு. சாதாரணச் சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளும் இரும்போ 1, 2 மில்லிகிராம்தான். கிட்டத்தட்ட அதே அளவு தினமும் வெளியேறியும் விடுகிறது. மாதவிலக்கு நாட்களில் இன்னும் அதிகம். வரவும் செலவும் சமமாக இருக்கிற வீட்டில் பழைய கடனை எதைக் கொண்டு அடைப்பது? உணவு மட்டும் போதாது என்று டாக்டர் நினைத்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது பீட்ரூட்டுக்கு வருவோம். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாக ஊறும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. பீட்ரூட்டின் நிறத்துக்குக் காரணம் பீட்டாலெயின் என்ற சாயம். அதற்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை. பீட்ரூட்டோ மாதுளையோ, 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்பு இருந்தாலே பெரிது. இரண்டு பேரீச்சம்பழத்தில் கிடைப்பதும் அதைத் தாண்டாது. 19 வயதுப் பெண்ணின் உணவில் ஒரு நாளைக்கு இருக்க வேண்டிய இரும்பு 29 மில்லிகிராம் என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அவள் மாதுளை சாப்பிடட்டும், நல்ல பழம். மருந்து என்று நினைத்துக் கிலோ முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

முருங்கைக்கீரையை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அடுத்த வாரம் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்: "பாலக்கீரையைவிட 25 மடங்கு இரும்பு!" காய்ந்த முருங்கைப் பொடியைப் பச்சைப் பாலக்கீரையோடு ஒப்பிட்டு வந்த கணக்கு அது. தண்ணீர் வற்றினால் எந்தக் கீரையிலும் எல்லாச் சத்தும் பல மடங்காகத்தான் தெரியும். பச்சையாகப் பார்த்தால் முருங்கையில் 100 கிராமுக்கு 4, 5 மில்லிகிராம். நல்ல கீரை, வாரம் இரண்டு நாள் பொரியல் செய்யுங்கள்.

இந்த இடத்தில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். பாலக்கீரையில் இரும்பு அதிகம் என்ற பெயர் வந்ததே பழைய விஞ்ஞானி ஒருவர் தசமப்புள்ளியை இடம் மாற்றிப் போட்டதால்தான் என்று பல வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் நான் எழுதியிருக்கிறேன். 1981-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் சொன்ன கதை அது. 2010-ல் மைக் சட்டன் என்பவர் பழைய ஏடுகளைத் துருவிப் பார்த்தார். தசமப்புள்ளி தவறியதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. கட்டுக்கதையை உடைக்கிறேன் பேர்வழி என்று நான் இன்னொரு கட்டுக்கதையைப் பரப்பியிருக்கிறேன்.

சரி, பவுடர். நீங்கள் அனுப்பிய லேபிள் படத்தைப் பார்த்தேன். ஒரு கரண்டியில் 4 மில்லிகிராம் இரும்பு என்று போட்டிருக்கிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதோடு, பவுடரைப் பாலில் கலக்கச் சொல்கிறார்கள். பாலில் உள்ள கால்சியம் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். உறவுக்காரர் மனம் நோகாமல் இருக்க ஒரு சோப்பு கீப்பு விற்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரை பற்றிய பயங்களில் ஒன்று உடனே தீரக்கூடியது. மலம் கறுப்பாவது ஆபத்தில்லை; உடம்பு எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சிய இரும்பு அந்த நிறத்தில் போகிறது. இதை முதல் நாளே யாராவது அவளிடம் சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது. மாமியார் சொல்லும் 'சூடு'கூட வெறும் கற்பனை இல்லை. வயிற்று எரிச்சல், குமட்டல், மலச்சிக்கல் எல்லாம் இந்த மாத்திரையால் உண்மையாகவே வரும். அதைத்தான் அவர் சூடு என்கிறார். வயசுப் பெண்ணுக்கு ஆகாது என்பது மட்டும் தப்பு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அந்த வயசுப் பெண்ணுக்குத்தான் இது தேவை.

வயிற்றுத் தொந்தரவுக்கும் வழி இருக்கிறது. ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, இதற்கு மேல் இரும்பை விடாதே என்று குடலின் கதவைப் பாதி சாத்திவிடுகிறது. மறுநாள் வரை அது அப்படியே கிடக்கும். இரும்புச்சத்து குறைந்த பெண்களிடம் சூரிக் ஆய்வாளர்கள் பரிசோதித்து 2017-ல் வெளியிட்டதில், தினமும் கொடுப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் பங்கு இரும்பு உடம்பில் சேர்ந்தது. மகளுக்கு இது பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம், 8.9 என்பது சின்னக் குறைவு இல்லை. அப்படியே ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) பரிசோதனை, குடற்புழு மருந்து, மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமா என்பதையும் பேசிவிடுங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும். அதற்கு இரும்பு மருந்தாகாது. காரணம் தெரியாமல் மாத்திரையை மட்டும் விழுங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. இரும்புக் குறைவுதான் என்றால் ஒழுங்காகச் சாப்பிட்ட ஒரு மாதத்திலேயே எண் நன்றாக ஏறியிருக்க வேண்டும். 12ஐத் தொட்ட பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் போலத் தொடரச் சொல்வார்கள்.

உங்கள் வீட்டில் நான் உடனே கைவைக்க நினைப்பது டீயில். காலை இட்லியோடு ஒன்று, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று என்று கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 1983-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் சாப்பாட்டோடு காபி குடித்தபோது இரும்பு சேர்வது 39 சதவீதமும், டீ குடித்தபோது 64 சதவீதமும் குறைந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியும் அதே அளவு தடுத்தது; ஒரு மணி நேரம் முன்னால் குடித்தது தடுக்கவில்லை. அதனால் எழுந்ததும் டீ, அப்புறம் நிதானமாக இட்லி. சாப்பாட்டோடு நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை பிழிந்த சாதம் என்று வைட்டமின் சி உள்ளது ஏதாவது ஒன்று இருந்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்பு கூடுதலாகச் சேரும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைப்பதும் பயனுள்ள பழைய பழக்கம். புளிப்பு கொஞ்சம் இரும்பைக் கரைத்துக்கொள்ளும்.

மாமியாரை முழுக்கத் தோற்கடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். நீங்கள் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் அவர் காலத்து வைத்தியம் ஒன்று ஊட்டச்சத்து அட்டவணையிலும் ஜெயிக்கிறது: சுவரொட்டி. அதாவது ஆட்டு மண்ணீரல். அதில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான். மாத்திரையை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். சுவரொட்டியை மிளகு போட்டு அவரே வதக்கித் தரட்டும். பக்குவம் அவருக்குத்தான் தெரியும்.